பதவி இழப்பு என்னும் தண்டனை

களவு செய்தவனுக்குச் சிறை, கடன் தீர்க்காதவனுக்கு ஜப்தி என்பது நாட்டில் யாவரும் அறிந்த செய்தி. மக்கள் வாக்களித்து அனுப்பிய ஒருவர் இலஞ்ச வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டால், சிறைக்கும் அபராதத்துக்கும் மேலாக அவருக்கு இன்னொன்றும் நேர்கிறது. அவர் வகித்த இடம் போகிறது. குறிப்பிட்ட காலம் வரையில் தேர்தலில் நிற்கும் உரிமையும் போகிறது. சட்டம் இதைத் தண்டனை என்று அழைப்பதில்லை. ‘தகுதியின்மை’ என்றே அழைக்கிறது. நீதிபதி தம் தீர்ப்பில் இதைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை. உருவத்தை நிழல் தொடர்வதுபோல் குற்றத்தீர்ப்பை அது தானே தொடர்ந்து வருகிறது. இந்தத் தகுதியின்மை எவ்வாறு வேலை செய்கிறது, எங்கே இடறுகிறது என்பதைத்தான் இன்று விளக்க முற்படுகிறேன்.

உதாரணம் தேடி நான் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. லால்குடியிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்பவர் கொள்ளிடத்தைத் தாண்டியதும் திருவரங்கம் வந்துவிடுகிறது. அங்கே கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பாதவர் எங்கள் பக்கத்தில் அரியர். அந்தத் திருவரங்கத்தின் பெயரால் அமைந்த சட்டமன்றத் தொகுதி தீவோடு நின்றுவிடாமல், காவிரிக்குத் தெற்கே மணிகண்டம் வட்டாரம் வரையில் விரிந்து கிடப்பது. 2011ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அத்தொகுதி மக்கள் செல்வி ஜெயலலிதாவை 41,848 வாக்குகள் வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தார்கள். அவர் முதலமைச்சரானார். முதலமைச்சரின் தொகுதி என்ற பெருமை திருவரங்கத்துக்குக் கிடைத்தது.

2014ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி, பெங்களூரில் அமைந்திருந்த சிறப்பு நீதிமன்றத்தின் நீதிபதி ஜான் மைக்கேல் டி’குன்ஹா, வருமானத்துக்கு மிஞ்சிய சொத்துச் சேர்த்த வழக்கில் அவரையும் மற்ற மூவரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தார். நால்வருக்கும் நான்காண்டுச் சிறை; முதலமைச்சருக்கு 100 கோடி ரூபாய் அபராதம், ஏனைய மூவருக்குத் தலைக்குப் பத்துக் கோடி. பதவியில் இருந்த முதலமைச்சர் ஒருவர் இவ்வாறு ஊழல் வழக்கில் தண்டனை பெற்று அந்த நொடியே பதவி இழந்தது இந்திய நாட்டில் அதுவே முதல் தடவை. தீர்ப்பு வாசிக்கப்பட்ட அன்றே திருவரங்கம் தொகுதியின் இடமும் காலியாயிற்று. ஆனால் அந்தச் செய்தி அரசிதழில் ஏறியது நவம்பர் 8ஆம் தேதியில்தான். சிறைக்காலமும் அதன் மேல் ஆறாண்டும் அவருக்குத் தகுதியில்லை என்று அறிவிப்புக் கூறிற்று.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் எட்டாவது பிரிவு இதற்கு ஆதாரம். குற்றங்கள் இன்னின்னவை என்று ஒரு பட்டியல் அதில் உண்டு; ஊழல் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும் குற்றமும் அப்பட்டியலில் சேர்ந்தது. அக்குற்றத்துக்கு வெறும் அபராதம் விதிக்கப்பட்டாலும் தீர்ப்பு நாள் முதல் ஆறாண்டு தகுதியில்லை. சிறை விதிக்கப்பட்டால், சிறைக்காலம் முழுவதும், விடுதலையான பின் மேலும் ஆறாண்டும் தகுதியில்லை. பட்டியலில் இல்லாத குற்றமாயினும், இரண்டாண்டுக்குக் குறையாத சிறை கிடைத்தால் இதே கதிதான்.

இந்த எண்ணம் நமக்குப் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்தரமேரூர்ச் சபையார் குடவோலை முறைக்கு விதி வகுத்துக் கல்லில் வெட்டி வைத்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை மறுபடி ஓலையில் எழுதக் கூடாது. அவருடைய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது என்பது அவ்விதிகளில் ஒன்று. உறவினரையும் சேர்த்து விலக்கிய அந்தக் கடுமையை இன்றைய சட்டம் ஏற்காது. ஏற்றால் நம் நாட்டில் வேட்பாளர் பஞ்சம் வந்துவிடும் என்று என் நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார்.

எட்டாவது பிரிவில் நெடுங்காலம் ஒரு சந்து இருந்தது. புதிதாகத் தேர்தலில் நிற்க வருபவருக்கு மட்டும் சட்டம் உடனே பாய்ந்தது. ஏற்கெனவே உறுப்பினராக அமர்ந்திருப்பவருக்கோ மூன்று மாதத் தவணை உண்டு; அதற்குள் மேல்முறையீடு செய்துவிட்டால் அது முடியும் வரையில் நாற்காலி அவரிடமே இருக்கும். மேல்முறையீடு என்பது நம் நாட்டில் எத்தனை ஆண்டுகள் ஓடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. லில்லி தாமஸ் என்னும் வழக்கறிஞர் இதை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றார். 2013ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி நீதிபதிகள் ஏ. கே. பட்நாயக், எஸ். ஜே. முகோபாத்யாய இருவரும் அந்தச் சலுகையை அடித்துவிட்டார்கள். வேட்பாளருக்கு ஒரு தகுதி, உறுப்பினருக்கு ஒரு தகுதி என்று பிரித்து வைக்க அரசியல் சட்டம் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் தரவில்லை என்பது அவர்கள் கூறிய காரணம். தீர்ப்பைச் செல்லாததாக்க மத்திய அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவர முயன்றது. ஆளுங் கட்சியின் தலைவர்களில் ஒருவரான ராகுல் காந்தியே அதைக் கிழித்தெறிய வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்ன பிறகு அது கைவிடப்பட்டது. அவர் அவ்வாறு சொன்னது 2013 செப்டம்பர் 27. சரியாக ஓராண்டு கழித்து, அதே தேதியில், பெங்களூர்த் தீர்ப்பு வந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தண்டனையை நிறுத்தி வைப்பது வேறு. குற்றத்தீர்ப்பையே நிறுத்தி வைப்பது வேறு. முன்னதால் சிறைக் கதவு திறக்கும், நாற்காலி திரும்பாது. பின்னதால்தான் நாற்காலி திரும்பும். 2014 அக்டோபரில் உச்சநீதிமன்றம் செல்வி ஜெயலலிதாவின் தண்டனையை நிறுத்தி வைத்து அவரை ஜாமீனில் விட்டது. ஆனால் திருவரங்கத்து இடம் திரும்பவில்லை. 2023 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், கீழ் நீதிமன்றம் அளித்த விடுதலையை மாற்றி, அமைச்சர் க. பொன்முடிக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது; திருக்கோவலூர்த் தொகுதி காலி என்று அறிவிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம் குற்றத்தீர்ப்பையே நிறுத்தி வைத்ததும் அவர் உறுப்பினராகவும் அமைச்சராகவும் மீண்டார். இரண்டு ஆணைகளுக்கும் இடையே உள்ள தூரம் பத்திரிகையில் இரண்டு சொற்கள். சட்டத்தில் ஒரு தொகுதி.

திருவரங்கத்துக்கு வருவோம். 2014 செப்டம்பர் முதல் அடுத்த ஆண்டு பிப்ரவரி வரையில் அத்தொகுதிக்குச் சட்டமன்றத்தில் வாயில்லை. 2015 பிப்ரவரி 13ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது. தண்டனை பெற்ற தலைவரின் கட்சியைச் சேர்ந்த வளர்மதி நின்று வென்றார். வித்தியாசம் 96,516 வாக்குகள். தலைவர் தாமே நின்று பெற்றதைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். இதைக் கண்டு பட்டணத்துப் பத்திரிகைகள் சில, மக்களுக்கு ஊழல் பற்றிக் கவலையில்லை என்று எழுதின. எனக்கு அது அவசர முடிவாகவே படுகிறது. ஆளுங்கட்சிக்கு இடைத்தேர்தலில் உள்ள வலிமை ஒருபுறம் இருக்கட்டும். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும் ஒரு தீர்ப்பை மக்கள் முடிந்த முடிபாகக் கொள்ளவில்லை என்பதே உண்மை. நீதிமன்றமே இன்னும் இரண்டு படி ஏற வேண்டியிருக்கும்போது, அவர்களை மட்டும் எப்படிக் குறை கூறுவது?

மக்கள் காத்திருந்ததற்குக் காரணமும் இருந்தது. இதே தலைவரின் முந்தைய வழக்கு ஒன்று அவர்களுக்கு நினைவிருந்தது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் டான்சி நில வழக்கில் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2001 தேர்தலில் ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை ஆகிய நான்கு இடங்களிலும் அவர் வேட்புமனு தள்ளுபடியாயிற்று. ஆயினும் கட்சி வென்றது; ஆளுநர் பாத்திமா பீவி அவருக்கு முதலமைச்சராகப் பிரமாணம் செய்து வைத்தார். உறுப்பினராக இல்லாதவரும் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்னும் விதியின் மீது அது நின்றது. உறுப்பினராகவே தகுதியற்றவர் அந்த விதியைக் காட்டி அமைச்சராக முடியாது என்று கூறி, 2001 செப்டம்பர் 21ஆம் தேதி உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அந்த நியமனத்தைச் செல்லாததாக்கினார்கள். பதவி போயிற்று. மூன்று மாதம் செல்லவில்லை. டிசம்பர் 4ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. 2003 நவம்பரில் உச்சநீதிமன்றமும் அவ்விடுதலையை உறுதி செய்தது. அதாவது, இறுதியில் குற்றமில்லை என்று முடிந்த வழக்குக்காக ஒருவர் தேர்தலில் நிற்கும் உரிமையையும் முதலமைச்சர் பதவியையும் முன்னதாகவே இழந்திருந்தார்.

சொத்து வழக்கில் நடந்ததோ இதற்கு நேர் எதிரானது. வழக்கின் காலம் 1991 ஜூலை முதல் 1996 ஏப்ரல் வரை. குற்றப்பத்திரிகை 1997இல் வந்தது. 2001இல் ஆட்சி மாறியது. அதன் பின், முன்னரே சாட்சியம் அளித்து முடித்த 76 பேர் மறுபடி கூண்டுக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களுள் 64 பேர் முன் சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வழக்கறிஞர் அதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருந்தார். வழக்கைத் தொடுத்த அரசே குற்றஞ்சாட்டப்பட்டவரின் அரசாகவும் இருந்ததால் வந்த விளைவு அது. எதிர்க்கட்சியைச் சேர்ந்த க. அன்பழகன் உச்சநீதிமன்றத்தில் முறையிட, 2003 நவம்பரில் வழக்கு கர்நாடகத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே தீர்ப்பு வரப் பதினொரு ஆண்டுகள் ஆயின.

பிறகு வந்த மேல்முறையீட்டில் 2015 மே 11ஆம் தேதி கர்நாடக உயர்நீதிமன்ற நீதிபதி குமாரசாமி நால்வரையும் விடுவித்தார். இந்த விடுதலை எப்படி அமைந்தது என்பதைக் கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் புரிந்துகொள்ளலாம். வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து வழக்கில் நீதிமன்றம் இரண்டு தொகைகளை எடுத்துக்கொள்கிறது: ஒருவருக்கு வந்த நேர்மையான வருமானம் ஒன்று; அவர் கையில் உள்ள சொத்து மற்றொன்று. சொத்து சிறிது மிஞ்சினால், அதாவது நூற்றுக்குப் பத்து வரையில் மிஞ்சினால், பழைய தீர்ப்பொன்றை ஒட்டி நீதிமன்றங்கள் பொறுத்துக்கொள்வதுண்டு. உயர்நீதிமன்றம் சொத்து ஏறத்தாழ 37 கோடியே 59 லட்சம் என்றும், வருமானம் 34 கோடியே 76 லட்சம் என்றும் கண்டது. மிச்சம் நூற்றுக்கு 8.12. ஆகவே விடுதலை.

ஆனால் அந்த வருமானத்துக்குள் வங்கிக் கடன்களும் சேர்க்கப்பட்டிருந்தன. தீர்ப்பில் பத்துக் கடன்கள் வரிசையாக எழுதப்பட்டு, அடியில் கூட்டுத்தொகை 24 கோடியே 17 லட்சம் என்று போடப்பட்டிருந்தது. வரிசையில் உள்ள எண்களைக் கூட்டினால் வருவதோ 10 கோடியே 67 லட்சம். பதின்மூன்றரைக் கோடி ரூபாய் கூட்டலில் முளைத்த பணம்! அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் வருமானம் 21 கோடியே 26 லட்சமாக இறங்கும். மிச்சம் நூற்றுக்கு எட்டு அன்று, எழுபத்தாறுக்கு மேல் ஏறும். எங்கள் ஊரில் நெல் மண்டிக் கணக்குப்பிள்ளை ஒருவர் அன்றைய நாளிதழில் இந்த எண்களை வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று முறை கூட்டியதை நான் பார்த்தேன். மூன்று முறையும் அவருக்கு ஒரே விடைதான் வந்தது.

அவ்விடுதலையின் பேரில் செல்வி ஜெயலலிதா 2015 மே 23ஆம் தேதி மறுபடியும் முதலமைச்சரானார். திருவரங்கம் வேறொருவரிடம் சென்றுவிட்டதால், சென்னை இராதாகிருஷ்ணன் நகர் உறுப்பினர் இராஜிநாமா செய்து இடம் விட, அங்கே இன்னோர் இடைத்தேர்தல் நடந்தது. 2016 பொதுத் தேர்தலிலும் அவர் வென்றார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் தேதி காலமானார். 2017 பிப்ரவரி 14ஆம் தேதி உச்சநீதிமன்றத்தின் நீதிபதிகள் பினாகி சந்திர கோஷ், அமிதவ ராய் ஆகியோர் உயர்நீதிமன்றத் தீர்ப்பைத் தள்ளி, சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பை மீண்டும் நிலைநாட்டினார்கள். மற்ற மூவரும் சிறை சென்றார்கள். இறந்தவர் பேரில் இருந்த மேல்முறையீடு மரணத்தோடு அற்றுப்போயிற்று.

இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடுதலையில் முடிந்த வழக்கில் பதவி முன்னரே பறிக்கப்பட்டது. உடன் குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் சிறையில் முடிந்த வழக்கில் பதவி இடையிலே திருப்பிக் கொடுக்கப்பட்டது. தகுதியின்மை என்னும் சட்டம் இரண்டு திசையிலும் குறி தவறிற்று. பிழை அந்தப் பிரிவின் வாசகத்தில் இல்லை. அது நீதிமன்றத்தின் முடிவைத் தொடரும் நிழல் என்று முதலில் சொன்னேன். உருவம் இருபது ஆண்டு அசைந்துகொண்டே இருந்தால் நிழல் மட்டும் எப்படி ஓரிடத்தில் நிற்கும்?

ஆதலால் தீர்ப்பு வரையில் காத்திராமல், குற்றம் சாட்டப்பட்டதுமே ஒதுக்கிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். அமைச்சர் செந்தில்பாலாஜி வழக்கில் இந்தக் கேள்வி உரத்து எழுந்தது. போக்குவரத்துத் துறையில் வேலைக்குப் பணம் பெற்றதாகக் கூறப்பட்ட குற்றச்சாட்டை ஒட்டி 2023 ஜூனில் அவர் கைதானார். சிறையில் இருந்தபடியே துறையில்லா அமைச்சராக நீடித்தார். ஆளுநர் அவரை நீக்கி ஆணையிட்டு, அன்றிரவே அதை நிறுத்தியும் வைத்தார். 2024 செப்டம்பரில் ஜாமீனில் வந்த மூன்றாம் நாளே அவர் மீண்டும் அமைச்சரானார். ஜாமீன் வேண்டுமா பதவி வேண்டுமா என்று உச்சநீதிமன்றம் கேட்ட பிறகே 2025 ஏப்ரலில் விலகினார். முப்பது நாள் தொடர்ந்து காவலில் இருக்கும் அமைச்சர் தாமே பதவி இழக்க வேண்டும் என்னும் அரசியல் சட்டத் திருத்த மசோதா 2025 ஆகஸ்டில் மக்களவையில் கொண்டுவரப்பட்டுக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சிறையில் இருந்துகொண்டு அமைச்சர் என்னும் பெயரைச் சுமப்பது எனக்கு உடன்பாடன்று. ஆயினும் கைது என்பது போலீஸாரின் செயல். தீர்ப்பு நீதிபதியின் செயல். போலீஸார் எந்த அரசின் கீழ் இருக்கிறார்களோ அந்த அரசின் எதிரிகளே முப்பது நாளில் பதவி இழக்கும் நிலை எளிதில் வந்துவிடும். 2018ஆம் ஆண்டு உச்சநீதிமன்றமும், குற்றச்சாட்டு நிலையிலேயே தகுதியிழப்பை நீதிமன்றம் புதிதாகச் சேர்க்க இயலாது, அது பாராளுமன்றத்தின் வேலை என்று ஒதுங்கிக்கொண்டது.

தீர்ப்புக்குக் காத்திராத தண்டனை எப்படியிருக்கும் என்பதற்கு வெளிநாட்டில் ஓர் உதாரணம் உண்டு. மாஸ்கோவில் பெரும் வரிமோசடி ஒன்றை வெளிப்படுத்திய செர்கெய் மாக்னிட்ஸ்கி என்பவர் 2009இல் சிறையிலேயே மாண்டார். அவர் பெயரால் அமெரிக்கா 2012இல் ஒரு சட்டமும், 2016இல் உலகம் முழுமைக்கும் விரித்த இன்னொரு சட்டமும் இயற்றியது. பிற நாட்டு அரசியல்வாதி ஊழல் செய்தார் என்று அமெரிக்க நிர்வாகம் கருதினால் போதும்; அந்நாட்டில் உள்ள அவர் சொத்து முடக்கப்படும், நுழைவும் மறுக்கப்படும். பல்கேரிய அரசியல்வாதி தெல்யான் பேவ்ஸ்கி 2021இல் அவ்வாறு தடைசெய்யப்பட்டார். சொந்த நாட்டு நீதிமன்றம் அசையாதபோது இப்படி வெளியிலிருந்து வரும் அடி பயன்படலாம், மறுக்கவில்லை. ஆனால் நிர்வாகம் ஒரு கையெழுத்தில் விதிப்பதை இன்னொரு கையெழுத்தில் எடுக்கவும் முடியும்.

நம் சட்டத்திலும் அப்படி ஒரு கையெழுத்துக்கு இடம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பதினோராவது பிரிவின்படி தேர்தல் ஆணையம் தகுதியின்மைக் காலத்தைக் குறைக்கலாம். கறவை மாடு வழங்கும் திட்டத்தில் நடந்த ஊழலுக்காக ஓராண்டு சிறையிருந்து மீண்ட சிக்கிமின் பிரேம் சிங் தமாங், 2019இல் முதலமைச்சரானார். அவருக்கிருந்த ஆறாண்டுத் தடையை ஆணையம் அவ்வாண்டு செப்டம்பரில் ஓராண்டு ஒரு மாதமாகக் குறைத்தது. இந்தப் பிரிவு நீக்கப்பட வேண்டியது என்பது என் கட்சி.

ஆக எல்லாம் நீதிமன்றத்தின் மீதே வந்து நிற்கிறது. அந்த நீதிமன்றமே விலைக்குப் போனால்? 1621ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரதம நீதி அதிகாரியாகவும் மன்னரின் அமைச்சராகவும் இருந்த பிரான்சிஸ் பேக்கன், வழக்காடிகளிடம் பணம் பெற்றதாக இருபத்தெட்டுக் குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். பணம் வாங்கியதுண்டு, அதற்காகத் தீர்ப்பை மாற்றியதில்லை என்பது அவர் சமாதானம். பிரபுக்கள் சபை நாற்பதாயிரம் பவுன் அபராதமும் சிறையும் விதித்தது. அவர் இனிப் பதவி வகிக்கவோ பாராளுமன்றத்தில் அமரவோ கூடாது என்றும் கூறியது. மன்னர் சில நாளில் சிறையிலிருந்து விடுவித்தார், அபராதமும் வசூலாகவில்லை. ஆனால் பாராளுமன்றத்துக்கு அவர் திரும்பவே இல்லை. மூன்று தண்டனைகளில் நிலைத்தது பதவி இழப்பு ஒன்றுதான்.

நம் நாட்டில், 2012ஆம் ஆண்டு, சுரங்க ஊழல் வழக்கில் சிறையிலிருந்த கர்நாடகத்தின் முன்னாள் அமைச்சர் ஜனார்த்தன ரெட்டிக்கு ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ஜாமீன் அளித்தது. அந்த ஜாமீனுக்காக நீதிபதிக்குப் பெரும் பணம் கைமாறியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. நீதிபதி அம்மாதமே பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், ஜாமீன் ரத்தாயிற்று, சட்டமன்ற உறுப்பினர் உட்படப் பலர் கைதானார்கள். சுரங்க வழக்கின் தீர்ப்போ 2025 மே மாதத்தில்தான் வந்தது. ஏழாண்டுச் சிறை, அதே வாரத்தில் சட்டமன்ற இடமும் போயிற்று. அடுத்த மாதமே உயர்நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் அவர் வெளியே வந்தார்.

நீதிபதியை விசாரிக்க முடியுமா என்ற ஐயத்தைத் தீர்த்தது சென்னையிலிருந்து போன ஒரு வழக்கு. சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாயிருந்த கே. வீராசாமி பேரில் 1976இல் சொத்து வழக்குத் தொடரப்பட்டது. உயர்நீதிமன்ற நீதிபதியும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் பொருளில் பொது ஊழியரே என்று 1991இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்துகொள்ளாமல் வழக்குப் பதியக் கூடாது என்றும் வரம்பு கட்டியது. அரசாங்கம் நீதிபதிகளை மிரட்டாதிருக்க அந்த வரம்பு வேண்டியதுதான்.

கிராமத்து வழக்காடிக்குத் தெரிந்த நீதிமன்ற இலஞ்சம் வேறு மாதிரியானது. சோழநாட்டில் ஒரு நீதிமன்ற வாசலில் தரகர் ஒருவர் இருந்தார்; பெயரும் ஊரும் வேண்டாம். இரு கட்சிக்காரர்களிடமும் தனித்தனியே, “ஐயாவுக்குக் கொடுத்துவிடுகிறேன், கவலைப்படாதீர்கள்” என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொள்வார். தீர்ப்பு வந்ததும் தோற்றவரிடம் போய், “எதிர்க்கட்சி அதிகம் கொடுத்துவிட்டது, ஐயா உங்கள் பணத்தைத் திருப்பிவிட்டார்” என்று நாணயமாகத் திருப்பிக் கொடுப்பார். வென்றவர் பணம் தரகருக்கு. நீதிபதிக்கு ஒன்றுமே தெரியாது. என் கட்சிக்காரர் ஒருவர், பூவாளூர்ப் பக்கத்து விவசாயி, இப்படிப் பணம் கொடுத்து வழக்கை வென்றார். சட்டப்படி வென்ற வழக்கு அது. “உங்கள் பத்திரம் சரியாக இருந்தது, அதனால் வென்றீர்கள்” என்று நான் எத்தனை சொல்லியும், “வக்கீல் ஐயா, உங்களுக்கு உள்விஷயம் தெரியாது” என்று அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நேர்மையான தீர்ப்பையும் விலைக்கு வாங்கியதாகவே அவர் கடைசி வரை நம்பினார். இத்தகைய நம்பிக்கை ஊன்றிய இடத்தில் ஓர் அரசியல்வாதியைத் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தால், எதிர்க்கட்சி அதிகம் கொடுத்துவிட்டது என்றுதான் மக்கள் பேசிக்கொள்வார்கள்.

செய்யத்தக்கது என்ன? சட்டமன்ற, பாராளுமன்ற உறுப்பினர் மீதான இவ்வகை வழக்கில் குற்றச்சாட்டு வனைந்த ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2017இல் இதற்கெனத் தனி நீதிமன்றங்கள் அமைக்கப் பணித்தது; சென்னையிலும் ஒன்று அமைந்தது. 2023 நவம்பரில், உயர்நீதிமன்றங்களே இவற்றை நேரடியாகக் கண்காணிக்க வேண்டும் என்றது. ஆனால் இவை பெரும்பாலும் முதல் விசாரணையைப் பற்றியவை. சொத்து வழக்கில் குழப்பம் நேர்ந்தது மேல்முறையீட்டுப் படிகளில் அல்லவா? பதவி இழப்பைத் தரும் தீர்ப்பின் மேல்முறையீட்டுக்கும் இத்தனை மாதம் என்று காலவரையறை வைத்து, நாள்தோறும் எடுத்துக் கேட்க வேண்டும். குற்றமற்றவருக்குப் பதவி விரைவில் திரும்பும். குற்றவாளி அடுத்த தேர்தலுக்குள் விலகுவார். தொகுதியும் இருமுறை தேர்தல் காணாது.

அதுவரையில் வாக்காளர் கையில் ஒரு தாள் இருக்கிறது. வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26இல் தம் சொத்து, கடன், நிலுவையிலுள்ள வழக்குகள் எல்லாவற்றையும் பிரமாணமாக எழுதித் தர வேண்டும். வழக்குள்ளவர் அவற்றைச் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் செய்ய வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு. வழக்கில்லாத ஒருவரை விட்டு இவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியும் காரணம் எழுத வேண்டும் என்பது 2020 பிப்ரவரி ஆணை. வெற்றி பெறுவார் என்பது மட்டும் காரணமாகாது என்றும் அது கூறியிருக்கிறது. தேர்தல் சமயத்தில் லால்குடியில் அத்தாளின் நகல் தேர்தல் அதிகாரியின் அலுவலகப் பலகையில் ஒட்டப்படுகிறது. பலகைக்கு எதிரே டீக்கடை, கூட்டத்துக்குக் குறைவில்லை. தாளைப் படிப்பவர்கள் பெரும்பாலும் எதிர்க்கட்சிக்காரர்கள்தாம். அவர்களும் சொத்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, வழக்குப் பக்கம் வருவதற்குள் டீ ஆறிவிடுமென்று போய்விடுகிறார்கள்.